அமெரிக்க கம்பஸ் அப்ளிகேஷன், வெள்ளவத்தை கொன்சல்டன்சி: எஸ்ஸேக்கு ஓகே, லிஸ்டுக்கு வேண்டாம்

தம்பி லண்டன் ஏ லெவல் முடிக்கப்போறான், அமெரிக்காவுக்குத்தான் போவன் எண்டு ஒற்றைக்கால்ல நிக்கிறான், அதால காலி ரோட்டுப் பக்கம் இருக்கிற ஒரு கொன்சல்டன்சிக்குக் கூட்டிக்கொண்டு போனன். பேர் போடேல்ல.

அப்ளிகேஷனோட தன்னைப் பற்றி எழுதி அனுப்புற எஸ்ஸே பாக்கிற மிஸ்ஸைப் பற்றிச் சொல்லி வேலையில்லை. "சின்ன வயசிலேர்ந்தே சயன்ஸ் பிடிக்கும்" எண்டு இவன் எழுதிக்கொண்டு போனதை ஒரே கோடா வெட்டிப்போட்டு, அப்பான்ர கடையில பழைய ஃபேன் மோட்டர் கழட்டிப் பூட்டின கதையை எழுத வச்சா. சூப்பர்.

ஆனா எங்க அப்ளை பண்ணுறது எண்டு லிஸ்ட் போடுறது படுமோசம். சுவர் முழுக்க ஐவி லீக் எண்டுற பேர்பெற்ற 8 அமெரிக்க கம்பஸின்ர சின்னமும் ஒட்டியிருக்கு, லிஸ்ட் போடுற சேர் அதைக் காட்டித்தான் கதைக்கவே தொடங்குவார். (அது அடிப்படையில ஒரு ஸ்போர்ட்ஸ் கூட்டு, எம்ஐடியும் ஸ்டான்ஃபோர்டும் அதுக்குள்ளயே இல்லை, அதை விடுங்கோ.) வருசத்துக்கு 80,000 டொலருக்கு மேல போற இடங்கள், வீட்டில எவ்வளவு கட்டேலும் எண்டு கடைசி மட்டும் ஒருத்தரும் கேக்கேல்ல! ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் எல்லாம் வெளிநாட்டுப் பிள்ளை காசு உதவி கேட்டாலும் அதைப் பாத்து அட்மிஷன் முடிவு எடுக்கிறேல்ல, பிள்ளையை எடுத்தா தேவையானதைத் தரும். கொலம்பியா, கோர்னெல் அப்பிடியில்லை, உதவி கேட்டாலே சான்ஸ் குறையலாம். இவர் எல்லாத்தையும் ஒண்டாப் போட்டு ரேங்க் படி அடுக்கித் தாறார். ஆம்ஹர்ஸ்ட்டைப் பற்றிக் கேட்டா "அது சின்ன காலேஜ், இங்க ஒருத்தருக்கும் தெரியாது" எண்டுறார். கல்யாண வீட்டில சொல்லிக் காட்டவா கம்பஸ்?

பிறகு கோர்னெலுக்கு ஏர்லி டிசிஷன் (கிடைச்சா கட்டாயம் வருவன் எண்டு முந்தியே அப்ளை பண்ணுறது) போடட்டாம், சான்ஸ் கூடவாம். கிடைச்சா மற்ற அப்ளிகேஷன் எல்லாத்தையும் விலக்கவேணும், வேற இடம் எவ்வளவு தரும் எண்டு ஒப்பிட்டுப் பாக்கவே ஏலாது, அம்மா அப்பாவும் கையெழுத்து வைக்கிற விசயம், நான் தோண்டித் தோண்டிக் கேட்ட பிறகுதான் அதைச் சொன்னார்.

கொழும்பிலயே ஃபுல்பிரைட் கமிஷன்ல அமெரிக்கப் படிப்புக்கு ஆலோசனை சொல்லுற எடியுகேஷன்யூஎஸ்ஏ ஆக்கள் இருக்கினம், லிஸ்ட் விசயம் முதல்ல அங்க கதையுங்கோ. இந்தக் கொன்சல்டன்சியில எஸ்ஸேக்கு மட்டும் தனியா காசு கட்டேலும், ஃபுல் பக்கேஜ் எடுக்காதேங்கோ. சனிக்கிழமை பின்னேரம் அந்த ஒழுங்கைக்குள்ள கார் விட இடமே இல்லை, பஸ்ஸில போறது சுகம்.