சிவப்புப் பட்டியல் இணையதளம்: வரிவால் லெமூரையும் சிட்டுக்குருவியையும் முன்வைத்து ஒரு மதிப்புரை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1964இல் தொடங்கிய, உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் சிவப்புப் பட்டியலை இன்று எவரும் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கலாம். அதன் பயனை அறிய, வரிவால் லெமூர், சிட்டுக்குருவி ஆகிய இரண்டின் பக்கங்களையும் அருகருகே திறந்து வைத்துப் படித்தேன்.

அறிவியல் பெயரைக் கொண்டு தேடுவதே நல்லது. ஆங்கிலத்தில் 'ஸ்பாரோ' எனப்படும் அமெரிக்கப் பறவைகள் பல நம் சிட்டுக்குருவியின் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. 'பறக்கும் லெமூர்' எனப்படும் கொலுகோ என்னும் பாலூட்டியும் லெமூர் அன்று.

வகைப்பாட்டுப் பகுதி மிகச் சுருக்கமானது. இரண்டுமே முதுகுநாணிகள்; வகுப்பில் பிரிந்து, லெமூர் பாலூட்டிகளில் பிரைமேட் வரிசைக்கும், குருவி பறவைகளில் பாசரிபார்மஸ் வரிசைக்கும் செல்கின்றன. துணைவரிசையையும் காட்டினால், லெமூருக்கும் கடவூர்க் காடுகளில் வாழும் நம் தேவாங்குக்கும் உள்ள உறவு உடனே விளங்கும்.

தளத்தின் உண்மையான வலிமை, ஒவ்வோர் இனத்துக்கும் தரப்படும் மதிப்பீட்டு விளக்கத்தில் இருக்கிறது. மடகாஸ்கரின் தெற்கிலும் தென்மேற்கிலும் மட்டுமே வாழும் வரிவால் லெமூர், காடழிப்பாலும் வேட்டையாலும் செல்லப்பிராணியாக வளர்க்கப் பிடிக்கப்படுவதாலும் 'அருகிய இனம்' ஆகியுள்ளது. 2020 ஜூலையில் வெளியான பட்டியலின்படி, 107 லெமூர் இனங்களில் 103 அச்சுறுத்தலில் இருந்தன. அவற்றுள் 33 'மிக அருகியவை' என்பதைப் படித்தபோது மனம் கனத்தது.

சிட்டுக்குருவியின் பக்கத்தில் 'தீவாய்ப்பு கவலை குறைந்த இனம்' (அழிவு அபாயம் குறைவானது) என்ற நிலைக்கு அருகிலேயே, எண்ணிக்கை குறைந்து வருவதாகவும் குறிப்பிடப்பட்டுள்ளது. இது முரண்பாடு அன்று. பத்தாண்டுகளில் அல்லது மூன்று தலைமுறைகளில், இவற்றுள் எது நீண்டதோ அந்தக் காலத்தில், 30 விழுக்காட்டுக்கு மேல் சரிந்தால்தான் சரிவை மட்டும் வைத்து ஓர் இனம் 'அழிவாய்ப்பு' நிலைக்கு, அதாவது 'அருகிய' நிலைக்கு முந்தைய அச்சுறுத்தல் நிலைக்கு வரும். உலகெங்கும் பரவியுள்ள குருவியின் சரிவு அந்த அளவை எட்டவில்லை. ஆனால், உலக அளவிலான இந்த நிலையை நம் தெருவின் நிலையாகக் கொள்ளக் கூடாது. இந்தியப் பறவைகளின் நிலை குறித்த 2020ஆம் ஆண்டு அறிக்கை, நாடு முழுவதும் குருவிகள் ஏறத்தாழ நிலையாக இருந்தாலும் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் குறைந்துள்ளதாகக் கூறுகிறது. எனவே, பட்டியலையும் இந்த அறிக்கையையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தளத்தில் தமிழ்ப் பதிப்பு இல்லாததால், பள்ளி மாணவர்களுக்கு ஆசிரியரின் துணை தேவைப்படும். பரவல் வரைபடத்தில் தொடங்கி, பிறகு மதிப்பீட்டு விளக்கத்துக்குச் செல்லும் ஆசிரியருக்கு, ஒரு பாடவேளைக்குரிய செய்தி இந்த இரண்டு பக்கங்களிலேயே கிடைத்துவிடும்.