10 சென்ட் படம்: மலிவு ஸ்டாக் தளங்களா, வேறு வழியா?

கேமரா வைத்திருக்கிற யாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும். ஹார்ட் டிஸ்க்கில் ஆயிரக்கணக்கில் படங்கள் சும்மா கிடக்கின்றன. மைக்ரோஸ்டாக் தளங்களில், அதாவது நம் படங்களைச் சில்லறை விலைக்கு விற்றுத் தரும் இணையதளங்களில், ஏற்றினால் நாலு காசு வருமா? வரும். ஆனால் அது நிஜமாகவே நாலு காசுதான். ஷட்டர்ஸ்டாக்கில் ஒரு சந்தாதாரர் உங்கள் படத்தை டவுன்லோட் செய்தால் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது 10 சென்ட்.

இதைக் கேட்டதும் சிலருக்குக் கோபம் வருகிறது. சிலர், ‘சும்மா கிடந்த படத்துக்கு இதுவாவது வந்ததே’ என்று ஆறுதல் அடைகிறார்கள். இரண்டு தரப்பும் படத்துக்கு எவ்வளவு என்றுதான் பார்க்கிறது. படத்தை விற்பனைக்குத் தயார் செய்ய உட்கார்ந்த மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால் விடை வேறாக வருகிறது. இந்த ஒப்பீட்டை அப்படித்தான் செய்யப்போகிறேன்.

விலை ஏன் இவ்வளவு விழுந்தது என்பதற்கு ஒரு சின்ன முன்கதை உண்டு. ஐஸ்டாக்போட்டோவை (இன்றைய ஐஸ்டாக்) 2000-ல் கனடாவில் புரூஸ் லிவிங்ஸ்டன் தொடங்கியபோது அது படங்களை இலவசமாகப் பரிமாறிக்கொள்ளும் இடம். அப்புறம்தான் சில்லறை விலைக்கு விற்கத் தொடங்கியது. 2003-ல் ஜான் ஓரிங்கர், தான் எடுத்த சுமார் 30,000 படங்களோடு ஷட்டர்ஸ்டாக்கைத் திறந்து மாதச் சந்தாவைக் கொண்டுவந்தார். திருப்பம் அந்தச் சந்தாதான். வாங்குகிறவர் மாதத்துக்கு ஒரு தொகை கட்டிவிட்டு வேண்டியதை அள்ளிக்கொள்கிறார். படம் ஒன்றின் விலை என்று தனியாக எதுவும் இல்லாமல் போகிறது. 2006-ல் பெரிய பட விற்பனை நிறுவனமான கெட்டி இமேஜஸ் 5 கோடி டாலருக்கு ஐஸ்டாக்கை வாங்கியது. இன்னொரு மலிவுத் தளமான ஃபோட்டோலியாவை 80 கோடி டாலருக்கு வாங்கிய அடோபி, 2015-ல் அடோபி ஸ்டாக்கைத் தொடங்கியது.

மலிவுத் தளங்களுக்குள் எது பரவாயில்லை?

வெளியிலிருந்து பார்த்தால் ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக், ஐஸ்டாக் மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். பணம் தரும் விதத்தில் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூன் 1-ல் தன் ராயல்டி முறையை மாற்றியது. அதற்கு முன் சந்தா டவுன்லோட் ஒன்றுக்கு 25 சென்ட்டில் ஆரம்பித்து, சம்பாதிக்கச் சம்பாதிக்க 38 சென்ட் வரை ஏறலாம். இப்போது ஆறு படிகள்: அந்த ஆண்டின் முதல் 100 டவுன்லோட் வரை விற்ற விலையில் 15 சதவீதம், 250 வரை 20, 500 வரை 25, 2,500 வரை 30, 25,000 வரை 35, அதற்கு மேல் 40. பெரிய சந்தா எடுத்தவருக்கு ஒரு படம் சில சென்ட்டுக்கே விழும் என்பதால், அதில் 15 சதவீதம் போட்டால் ஒன்றும் தேறாது. அதனால்தான் 10 சென்ட் என்று ஒரு தரைமட்டம் வைத்திருக்கிறார்கள்.

எனக்கு உறுத்துவது சதவீதம் அல்ல, ஜனவரி 1. அன்றைக்கு எல்லோரும் முதல் படிக்குத் திரும்புகிறார்கள். மாதம் 2,000 டவுன்லோட் ஆகிறவர் ஐந்தாறு வாரத்தில் பழைய இடத்துக்கு ஏறிவிடுவார். மாதம் 10 டவுன்லோட் ஆகிறவருக்கு 15 சதவீதப் படியைத் தாண்டவே அக்டோபர் கடந்துவிடும். நவம்பர், டிசம்பரில் 20 சதவீதம் அனுபவித்துவிட்டு மறுபடியும் கீழே வர வேண்டியதுதான். பரமபதத்தில் 99-ஆம் கட்டத்தில் இருக்கும் பாம்பு மாதிரி இது. சின்ன ஆள் மேலே போகவே முடியாதபடி ஆட்டத்தை அமைத்திருக்கிறார்கள்.

அடோபி ஸ்டாக்கில் புகைப்படத்துக்கு 33 சதவீதம். புதியவருக்கும் பழையவருக்கும் அதேதான். வழக்கமான சந்தா டவுன்லோடுக்குக் குறைந்தபட்சம் 33 சென்ட். வாழ்நாள் டவுன்லோட் எண்ணிக்கை கூடினால் இந்தத் தரைமட்டம் 38 சென்ட் வரை உயரும், திரும்பக் கீழே இறங்காது. 100 டாலர் சேர, 33 சென்ட்டில் சுமார் 300 டவுன்லோட் போதும். 10 சென்ட்டில் 1,000 வேண்டும். இரண்டு இடத்திலும் இருப்பது அதே படம்தான்.

ஐஸ்டாக்கில், வேறு எங்கும் விற்கலாம் என்ற சுதந்திரத்தோடு சேர்ந்தால் புகைப்படத்துக்கு 15 சதவீதம். மாதக் கணக்கு வரும்போது ஓரிரு சென்ட் வரவுகளைப் பார்க்க நேரிடும், மனது விட்டுப்போகும். எங்களுக்கு மட்டுமே தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டால் 25 முதல் 45 சதவீதம் வரை. ஆனால் அது ஒரு படத்துக்கான ஒப்பந்தம் அல்ல, உங்களுக்கான ஒப்பந்தம்: நீங்கள் ராயல்டி-ஃப்ரீ முறையில் (ஒருமுறை பணம் கட்டியவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்) விற்கும் எந்தப் படமும் வேறு தளத்தில் இருக்கக் கூடாது. ஏற்கெனவே பெரிய தொகுப்பு வைத்திருப்பவர் யோசிக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர் இதில் கையெழுத்துப் போடுவது, விளைச்சல் எப்படி என்று தெரியாமலே வயலை ஒருவருக்கே குத்தகைக்கு விடுவதுபோல.

ஆக மலிவுத் தளம்தான் என்றால் என் வரிசை: முதலில் அடோபி, கூடவே ஷட்டர்ஸ்டாக், ஐஸ்டாக் இருந்தால் இருக்கட்டும். 2025 ஜனவரியில் கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் இணையப்போவதாக அறிவித்தன. ஐஸ்டாக்கும் கெட்டியுடையதுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், விற்கிறவருக்குத் தெரிவு கூடப்போகிறதா குறையப்போகிறதா என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நேரம் எங்கே போகிறது?

படம் எடுப்பதில் அல்ல. அதை நீங்கள் எப்படியும் எடுத்திருப்பீர்கள். நேரத்தைத் தின்பது அதற்கு அப்புறம் வரும் வேலை: ஒரே மாதிரி இருக்கும் இருபதிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, 100 சதவீதம் பெரிதாக்கி இரைச்சலும் (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகள்) தூசியும் பார்ப்பது, சட்டையில் இருக்கும் லோகோவை அழிப்பது, தலைப்பு எழுதுவது, கீவேர்ட் போடுவது. அடோபியில் 49 கீவேர்ட் வரை, ஷட்டர்ஸ்டாக்கில் 50 வரை போடலாம். அடோபி தேடலில் முதல் 10 கீவேர்டுகளுக்கு அதிக மதிப்பு உண்டு என்பதால் அவற்றை யோசித்து அடுக்க வேண்டும். சொல்லப்போனால் இந்தத் தொழிலில் பாதி, எழுத்து வேலை. மனிதர் முகம் தெரிந்தால் மாடல் ரிலீஸ் (அவர் கையெழுத்திட்ட சம்மதம்) வேண்டும். ஈஃபிள் கோபுரத்தைப் பகலில் எடுத்தால் பிரச்சினை இல்லை; இரவில் எடுத்தால் அதன் விளக்கு அலங்காரத்துக்குக் காப்புரிமை இருப்பதால் விளம்பரப் பயன்பாட்டுக்கு விற்க முடியாது. இதெல்லாம் தெரியாமல் ஏற்றி, நிராகரிப்பு வாங்கித்தான் பலரும் கற்றுக்கொள்கிறோம்.

ஒரு படத்துக்கு 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 100 படத்துக்கு ஏறக்குறைய 17 மணி நேரம். மணிக்கு 5 டாலராவது வர வேண்டும் என்றால் அந்த 100 படமும் சேர்ந்து 85 டாலர் ஈட்ட வேண்டும். 33 சென்ட்டில் இது சுமார் 258 டவுன்லோட். 10 சென்ட்டில் 850. நூற்றில் பெரும்பாலான படங்கள் ஒருமுறைகூட விற்காது, நாலைந்துதான் ஓடும். அந்த நாலைந்து எவை என்று முன்கூட்டித் தெரியாது என்பதால்தான், இதில் நிலைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் ஏற்றுகிறார்கள்.

அதே கணக்கில் ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. தலைப்பையும் கீவேர்டையும் படக் கோப்புக்குள்ளேயே இருக்கும் ஐபிடிசி என்ற தகவல் பகுதியில் எழுதிவிட்டால் எல்லாத் தளங்களும் அதைத் தானாகப் படித்துக்கொள்ளும். முதல் தளத்துக்கு 10 நிமிடம் ஆனால் இரண்டாவதுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஷட்டர்ஸ்டாக் 10 சென்ட் கொடுத்தாலும் அங்கே ஏற்றலாம் என்று நான் சொல்வது இதனால்தான். அந்த ஒரு தளத்தை மட்டும் நம்பி 17 மணி நேரம் உட்காருவது வீண். அடோபிக்காக உட்கார்ந்ததை அங்கேயும் வைப்பது வீண் அல்ல.

அலாமி: எப்போதாவது விற்கும், விற்றால் தெரியும்

1999-ல் பிரிட்டனில் தொடங்கிய பட விற்பனைத் தளமான அலாமி, 2020 முதல் அங்குள்ள செய்தி நிறுவனமான பிஏ மீடியா குழுமத்தின் கையில் இருக்கிறது. படம் அழகா இல்லையா என்று இவர்கள் பார்ப்பதில்லை. தொழில்நுட்பத் தரம் சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். ரிலீஸ் இல்லாத படங்களையும் எடுத்துக்கொண்டு, செய்தி, புத்தகம் போன்ற எடிட்டோரியல் பயன்பாட்டுக்கு விற்பார்கள். பத்திரிகைகளும் பாடநூல் பதிப்பகங்களும் தேடிவரும் இடம் என்பதால் இங்கே ஓடுவது வேறு வகைச் சரக்கு. வெள்ளைப் பின்னணியில் சிரிக்கும் அலுவலக ஊழியருக்கு இங்கே பெரிய மவுசு இல்லை. பெயர் தெரிந்த ஒரு பறவை, ஒரு தெருவின் பெயர்ப்பலகை, பழைய நீராவி இயந்திரத்தின் ஒரு பாகம் என்று தேடுவார்கள். விளக்கத்தில் பறவையின் அறிவியல் பெயரைச் சரியாக எழுதியவர் ஜெயிப்பார்.

படம் எடுத்தவருக்கான பங்கு வழக்கமாக 40 சதவீதம். ஆனால் 2021-ல் கொண்டுவந்த முறைப்படி ஆண்டு விற்பனை 250 டாலருக்குக் கீழே போனால் அது 20 சதவீதமாகிவிடும். இங்கேயும் அடிபடுவது சின்ன ஆள்தான். விற்றதாகக் கணக்கில் காட்டியபின் வாடிக்கையாளர் பணம் கட்ட மாதங்கள் ஆகலாம். மாதக்கணக்கில் எதுவுமே விற்காமலும் போகலாம். அப்படியும் 20 டாலருக்கு ஒரு விற்பனை நடந்து 40 சதவீதம் வந்தால் 8 டாலர். 10 சென்ட் தளத்தில் அதற்கு 80 டவுன்லோட் ஆக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை: அதே படத்தை மைக்ரோஸ்டாக்கிலும் வைத்திருந்தால், வாங்க வருகிறவர் படத்தை வைத்துத் தேடி மலிவான இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். எனவே படங்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. பொதுவான பொருள் மைக்ரோஸ்டாக்குக்கு, குறிப்பான பொருள் அலாமிக்கு.

மேல்தட்டு

ஐஸ்டாக்கைத் தொடங்கிய அதே லிவிங்ஸ்டன், பின்னாளில் பிரியானா வெட்லாஃபரோடு சேர்ந்து ஸ்டாக்ஸி யுனைடெட் என்ற கூட்டுறவை ஆரம்பித்தார். 2013-ல் அது விற்பனைக்கு வந்தது. படம் எடுப்பவர்களே இதில் பங்குதாரர்கள். சாதாரண உரிமத்தில் 50 சதவீதமும் விரிவு உரிமத்தில் (கூடுதல் பயன்பாடுகளுக்கானது) 75 சதவீதமும் அவர்களுக்குப் போகும். படங்களை அங்கே மட்டுமே தர வேண்டும், சேருவதற்கு விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும். விலையைத் தரைக்குக் கொண்டுவந்த கை, அப்புறம் அதைத் தூக்கி நிறுத்தப் பார்க்கிறது என்பதை நான் ரசிக்கிறேன். தனிப் பாணி உள்ளவர்கள் மலிவுத் தளத்தை நினைப்பதற்கு முன் இங்கே தட்டிப் பார்ப்பது நியாயம். மற்ற பெரும்பாலோருக்கு இந்தக் கதவு திறக்காது.

நேரடி விற்பனையில் முழுப் பணமும் உங்களுக்கே. எங்கே பயன்படுத்துகிறார்கள், எத்தனை காலம், எவ்வளவு பெரிதாக என்று கேட்டு விலை சொல்லலாம். சிக்கல் என்னவென்றால் வாங்குகிறவர் தானாக வரமாட்டார், நீங்கள்தான் தேட வேண்டும். இன்னொன்று, பலரும் தாமதமாகக் கவனிப்பது: ஒரு படத்தை ஒரே ஒருமுறை மலிவுத் தளத்தில் ராயல்டி-ஃப்ரீயாக விற்றுவிட்டால், பிறகு எந்த நிறுவனமும் ‘இந்தப் படம் எங்களுக்கு மட்டும் வேண்டும்’ என்று பெரிய தொகையோடு வந்தாலும் அந்த உறுதியைத் தர முடியாது. படத்தைத் தளத்திலிருந்து நீக்கலாம், ஏற்கெனவே வாங்கினவரிடமிருந்து திரும்பப் பெற முடியாது. 10 சென்ட்டின் மறைமுக விலை இது.

அன்ஸ்பிளாஷ் போன்ற இடத்தில் இலவசமாகக் கொடுத்துப் பெயர் வாங்கலாம் என்பார்கள். பெயர் போட வேண்டும் என்ற கட்டாயமே அந்த உரிமத்தில் இல்லை. 2021-ல் அதையும் கெட்டி வாங்கிவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பம் இல்லை.

செயற்கை நுண்ணறிவு வந்தபின்

அடோபி ஸ்டாக் 2022 டிசம்பரிலிருந்து, ‘செயற்கை நுண்ணறிவில் உருவானது’ என்று குறிப்பிட்டுவிட்டால், அப்படிப்பட்ட படங்களையும் ஏற்கிறது. பங்களிப்பாளர்கள் இயந்திரத்தில் உருவாக்கிய படங்களைக் கொண்டுவருவதை ஷட்டர்ஸ்டாக்கும் கெட்டியும் அனுமதிக்கவில்லை. ஆனால் தங்களிடம் இருக்கும் படங்களைக் கொண்டு கருவிகளைப் பயிற்றுவிப்பதில் யாரும் பின்தங்கவில்லை. அடோபியின் படம் உருவாக்கும் கருவியான ஃபயர்ஃபிளை, அடோபி ஸ்டாக் படங்களில் பயின்றது. அதற்கென 2023-ல் படம் தந்தவர்களுக்கு ஒரு போனஸ் வந்தது. ஷட்டர்ஸ்டாக்கும் இதற்காக ஒரு நிதி வைத்துப் பங்கு தருகிறது. உங்கள் படமே உங்களுக்குப் போட்டியை வளர்க்கிறது, அதற்கு ஒரு சின்னக் கூலியும் வருகிறது.

இதனால் அடிவாங்குவது மைக்ரோஸ்டாக்கின் அடித்தளமான பொதுப் படங்கள்தான்: கைகுலுக்கல், மேசையில் மடிக்கணினி, கையில் துளிர் செடி. இவற்றை வாங்குகிறவருக்கு, அது நிஜத்தில் நடந்ததா என்பது முக்கியம் இல்லை. நிஜம் முக்கியமாக இருக்கும் இடத்தில் கேமராவுக்கு இன்னும் வேலை இருக்கிறது: குறிப்பிட்ட கட்டடம், குறிப்பிட்ட இயந்திரம், நடந்த நிகழ்வு, கையெழுத்திட்ட ரிலீஸ் உள்ள உண்மையான மனிதர். இவற்றில் முதல் மூன்றும் அலாமி பக்கம் சாய்கின்றன. நாலாவது மட்டும் மைக்ரோஸ்டாக்கில் இன்னும் நன்றாகவே போகும்.

சரி, இன்று புதிதாகத் தொடங்குகிறேன் என்றால் என்ன செய்வேன்? பழைய ஹார்ட் டிஸ்க்கை முழுசாகக் கொட்டமாட்டேன். அதிலிருந்து 200 படம் மட்டும் எடுப்பேன். இடம், உயிரினம், பெயர் சொல்ல முடிகிறவற்றை அலாமிக்கும், ஆள் இருந்து ரிலீஸும் இருப்பவற்றை அடோபிக்கும் ஷட்டர்ஸ்டாக்குக்கும் அனுப்புவேன். தனியாக விலை பேசக்கூடிய பத்துப் படங்களை எங்கேயும் ஏற்றமாட்டேன். அடோபியும் ஷட்டர்ஸ்டாக்கும் அமெரிக்கத் தளங்கள் என்பதால் W-8BEN வரிப் படிவத்தை முதல் நாளே நிரப்பிவிடுவேன். இல்லையென்றால் அங்கே நடக்கும் விற்பனையில் 30 சதவீதம் வரியாகப் பிடிபடும். ஆறு மாதம் எதையும் திறந்து பார்க்கமாட்டேன். அப்புறம் வந்த தொகையை, கீவேர்ட் எழுதிய மணி நேரத்தால் வகுத்துப் பார்ப்பேன். அந்த விடையை வைத்துத்தான் 201-வது படத்தைத் தொடுவேன். சூரிய அஸ்தமனப் படங்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.