தந்தைவழி டிஎன்ஏ டெஸ்ட்: எங்கள் மூன்று வீட்டுக் கதையும் ஒரு குடும்பப் பெயர்க் கட்டமும்

விலை குறைத்திருக்கிறார்கள், தந்தைவழி டிஎன்ஏ டெஸ்ட் போடலாமா அண்ணாச்சி என்று வள்ளியூர்த் தம்பி ஒருவன் கேட்டிருந்தான். சில வருஷமாக ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் எங்கள் குடும்பக் கணக்கை வைத்திருப்பவன் நான். ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்குப் பெரிய மாற்றமில்லாமல் இறங்குகிறது என்கிற விவரமெல்லாம் அவனுக்கே தெரியும். அதனால் நேராக என் எரிச்சலுக்கு வருகிறேன்.

குடும்பப் பெயர்க் கட்டம். அதை நிரப்பாமல் கணக்குத் தொடங்க முடியாது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? நான் அப்பா பெயரைப் போட்டேன். அப்பாவுக்குத் தாத்தா பெயர், என் மகனுக்கு என் பெயர். ஒரே வீட்டு ஆண்கள் மூன்று பேர், மூன்று குடும்பம் என்று பதிவாகிவிட்டோம். வெள்ளைக்காரர்களுக்கு இந்த டெஸ்ட் பலன் தருவதே அவர்களுடைய குடும்பப் பெயரும் ஒய் குரோமோசோமும் ஒரே வழியில் இறங்குவதால்தான். ஒரே பெயர்க்காரர்கள் குழு சேர்ந்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நம் திருநெல்வேலிச் சீமையில் அந்த வேலையைச் செய்வது சாஸ்தா கோயில். பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தாவுக்குப் போகிறாய், எங்கே தலைக்கட்டு வரி கொடுக்கிறாய் என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும், பாதி வம்சாவளி வந்துவிடும். குலதெய்வத்தைப் பதிய ஒரு கட்டம் வையுங்கள் என்று எழுதிப் போட்டேன். குடும்பப் பெயரைச் சரியாக நிரப்பவும் என்று பதில் வந்தது. இன்றைக்கும் என் 'குடும்பப் பெயர்க்காரர்கள்' என்று மெயில் அனுப்புகிறார்கள். எல்லாரும் என் அப்பா பெயரைத் தற்செயலாக வைத்துக்கொண்டவர்கள். பார்க்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

நம்மோடு டிஎன்ஏ ஒத்துப்போகிறவர்களைக் காட்டும் பொருத்தப் பட்டியலும் அப்படித்தான். நம் பக்கம் டெஸ்ட் போட்டவர்கள் குறைவு, பட்டியல் காலியாகவே கிடக்கும். மனிதர்கள் உலகெங்கும் பரவிய வழியை டிஎன்ஏ மூலம் ஆராய 2005இல் தொடங்கிய ஜீனோகிராபிக் திட்டத்துக்காக மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிச்சப்பன் தலைமையில் நிறைய மாதிரிகள் எடுத்தார்கள். ஆனால் ஆராய்ச்சிக்கு எடுத்தவை இந்தப் பட்டியலில் வராது.

இவ்வளவு திட்டிய பிறகு நியாயத்தையும் சொல்ல வேண்டும். யாரை யாரோடு ஒப்பிட வேண்டும் என்று நாமே ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால், இந்த டெஸ்ட் அபாரமாக வேலை செய்கிறது.

எங்கள் கதை இது. மதுரைப் பக்கமிருந்து வந்த அண்ணன் தம்பி மூன்று பேர், கல்லிடைக்குறிச்சி, ஸ்ரீவைகுண்டம், நாங்குநேரி என்று பிரிந்து குடியேறினார்கள். நாங்கள் கல்லிடைக்குறிச்சி வீடு. மூன்று வீட்டுக்கும் ஒரே சாஸ்தா. ஆனால் ஸ்ரீவைகுண்டத்துக்காரர்கள் அசல் பங்காளிகள் இல்லை, பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவர்கள் என்று எங்கள் வீட்டில் தலைமுறையாக ஒரு பேச்சு. கோயில் மரியாதையில் அவர்களைக் கடைசியில்தான் கூப்பிடுவார்கள்.

பங்குனி உத்திரத்தன்று கோயிலிலேயே வைத்து மூன்று வீட்டிலும் மாதிரி எடுத்தோம். கன்னத்தின் உள்பக்கத்தைச் சின்ன பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்துக் குப்பியில் போட வேண்டும். நாங்குநேரிப் பெரியப்பா வெற்றிலை போடுகிறவர். வாயைக் கொப்பளித்தும் பிரஷ் சிவப்பாகவே வந்தது. அந்த மாதிரி தேறவில்லை என்று கம்பெனி வேறு கிட் அனுப்பியது. காசு கேட்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

முடிவு வந்தது. ஒய் குரோமோசோமில் ஒப்பிட்டுப் பார்த்த 37 இடங்களில் எங்களுக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் 36 ஒத்துப்போனது. அவர்கள் அசல் பங்காளிகள்தான். இத்தனை காலம் ஒதுக்கி வைத்தது எவ்வளவு பெரிய அநியாயம்! அடுத்த உத்திரத்துக்கு முதல் மரியாதை அவர்களுக்கு என்று அப்பாவே எழுந்து சொன்னார். இதற்காகவே கொடுத்த காசு தகும்.

நாங்குநேரிதான் ஒத்துப்போகவில்லை. ஒய் குரோமோசோம் வழிகளைப் பெரிய பிரிவுகளாக்கி எழுத்தால் பெயர் வைத்திருக்கிறார்கள். அதில் எங்களுக்கு எல் பிரிவு, பெரியப்பாவுக்கு ஹெச். இரண்டும் தென்னிந்தியாவில் பல சாதிகளிலும் கலந்து கிடப்பவை, அதை வைத்து யாரும் உசத்தி பேச முடியாது. ஆனால் அந்த இரண்டு வழியும் பிரிந்து 40,000 வருஷத்துக்கு மேல் ஆகிறது. மூன்று அண்ணன் தம்பிக் கதைக்கு அதில் இடமே இல்லை.

பெரியப்பாவிடம் தனியாகப் போய்ச் சொன்னேன். அவர் அசரவில்லை. தகரப் பெட்டியைத் திறந்து ஒரு பழைய சுவீகாரப் பத்திரத்தை எடுத்துக் காட்டினார். அவருடைய தாத்தா ஆண் பிள்ளையில்லாத வீட்டுக்கு மகள் வயிற்றுப் பேரனாக வந்து தத்துப் போனவர். "கொள்ளி வச்சது யாரு, தீட்டுக் காத்தது யாருன்னு அந்தக் கம்பெனிக்காரனுக்குத் தெரியுமாலே?" என்றார். அவர் சொன்னதுதான் சரி. சுவீகாரம் வந்தவர் முறைப்படி முழுப் பங்காளி. பத்துத் தலைமுறைக்கு மேலே போனால் நமக்கு 1,024 முன்னோர், ஒய் குரோமோசோம் அதில் ஒரே ஒரு ஆளைத்தான் காட்டும். கிளையை, அதாவது வம்சப் பிரிவை, தாய்வழியில் எண்ணுகிற மக்களும் இந்தச் சீமையில் உண்டு, அவர்கள் கிளையை இந்த டெஸ்டால் தொடவே முடியாது.

சரி, வள்ளியூர்த் தம்பிக்குப் பதில்: வாங்காதே. டெஸ்ட் நல்லது, எங்கள் வீட்டில் ஒரு அநியாயத்தையே சரிசெய்தது. ஆனாலும் அந்தக் குடும்பப் பெயர்க் கட்டத்தை எடுக்கிற வரைக்கும் நம் ஊர்க் காசு அங்கே போக வேண்டாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கேட்க மாட்டாய் என்றால், 37 இடம் பார்க்கிற டெஸ்ட் போதும், 111 இடம் பார்க்கிறதுக்கு இப்போது போகாதே. தனியாகப் போடாமல் சந்தேகப்படுகிற வீட்டிலும் ஒருவரைச் சேர்த்துப் போடு. அதற்கு முன்னால் இரண்டு வீட்டுப் பெரியவர்களிடமும் சுவீகாரம் ஏதும் உண்டா என்று கேட்டு, அவர்கள் மனசார ஒத்துக்கொண்ட பிறகு மாதிரி எடு.