பிரையனா, நெஸ்ட்டா: பல்லாயிரம் நியூரான்களைக் கணினியில் ஓட்டுவோருக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடியில் நான் கற்பிக்கும் கல்லூரியில், முதுகலை மாணவர்களின் திட்டப்பணியாகத் துடிப்பு நியூரான் வலையமைப்புகளை, அதாவது மின்துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் நரம்பணுக்களின் மாதிரிகளை, கணினியில் ஓட்டிப் பார்க்கும் சிறு முயற்சி சில ஆண்டுகளாக நடந்துவருகிறது. தொடக்கத்தில் நாங்களே எழுதிய சி++ நிரலைக் கைவிட்டு, ஆயத்தமாகக் கிடைக்கும் சிமுலேட்டர் ஒன்றுக்கு மாறுவது என்று முடிவானபோது, நெஸ்ட், பிரையன் 2 ஆகிய இரண்டையும் ஒரே கணினியில் நிறுவி, ஒரே வலையமைப்பை இரண்டிலும் எழுதி, ஒரு பருவம் முழுவதும் புழங்கிப் பார்த்த பிறகே பிரையனைத் தேர்ந்தெடுத்தோம். வேகத்தில் அது நெஸ்ட்டுக்கு ஈடாகாது என்று தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தோம்.

மற்றவற்றை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘நியூரான்’ என்ற பெயரிலேயே உள்ள சிமுலேட்டரும், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உபிந்தர் பல்லாவின் ஆய்வகத்தில் வளர்ந்த மூஸும், ஒரு நரம்பணுவின் கிளைகளையும் அயனித் தடங்களையும் உள்ளே நடக்கும் வேதிவினைகளையும் நுணுகிப் பார்ப்பவர்களுக்கு உரியவை. எங்களுக்கு வேண்டியது எளிய நியூரான்கள், ஆனால் பல்லாயிரம். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான ஜென், வரைகலை அட்டையில் மிக விரைவாக ஓடும். குரங்கு மூளையின் மேலடுக்கில் பார்வைக்குரிய பகுதியான பார்வைப் புறணியின் மாதிரி ஒன்றை, ஏறத்தாழ 41 லட்சம் நியூரான்களும் 2,420 கோடி சினாப்ஸ்களுமாக (நியூரான்களுக்கு இடையிலான இணைப்புகள்), ஒரே அட்டையில் ஓட்ட முடியும் என்று 2021-இல் அதன் மூலம் காட்டினார்கள். எங்கள் கணினியில் அத்தகைய அட்டை இல்லை.

நெஸ்ட் 1994-இல் சினாட் என்ற பெயரில் தொடங்கியது. மார்க்கஸ் டீஸ்மனும் மார்க்-ஆலிவர் கெவால்டிக்கும் அதன் மூலவர்கள். பிரையனை டான் குட்மனும் ரொமேன் பிரெட்டும் 2008-இல் வெளியிட்டார்கள். இப்போதுள்ள பிரையன் 2, மார்செல் ஸ்டிம்பர்க்கும் சேர்ந்து புதிதாக எழுதியது. இரண்டும் இலவசம், இரண்டின் மூலநிரலும் திறந்தது, இரண்டையும் பைத்தானிலிருந்தே இயக்கலாம். பிரையன் விண்டோஸில் நேரடியாக நிறுவக்கூடியது. நெஸ்ட்டுக்கு லினக்ஸோ மேக்கோ வேண்டும், விண்டோஸ் என்றால் உள்ளே ஒரு லினக்ஸ் சூழலை அமைத்துக்கொள்ள வேண்டும். தேவகோட்டையிலிருந்தும் பள்ளத்தூரிலிருந்தும் பேருந்தில் வந்து போகும் மாணவர்கள் வீட்டில் வைத்திருப்பது விண்டோஸ் மடிக்கணினி என்பதால், இதுவும் எங்களுக்குச் சிறிது எடை கொண்ட செய்திதான்.

ஒப்பிட்டுப் பார்க்க நிக்கோலா புருனெல் 2000-இல் விவரித்த வலையமைப்பை எடுத்துக்கொண்டோம். கிளர்ச்சியூட்டும் நியூரான்கள் 10,000, தடுக்கும் நியூரான்கள் 2,500. ஒவ்வொன்றுக்கும் மற்றவற்றில் பத்தில் ஒரு பங்கிலிருந்து, அதாவது 1,250 நியூரான்களிலிருந்து, இணைப்புகள் வருகின்றன. ஆக மொத்தம் 1 கோடியே 56 லட்சத்துக்கு மேற்பட்ட சினாப்ஸ்கள். செயலியில் எட்டு உள்ளகங்களும் (கோர்) 16 ஜிபி நினைவகமும் கொண்ட எங்கள் மேசைக் கணினியில் இரண்டு மென்பொருள்களும் இதைச் சிரமமின்றி ஓட்டின. எல்லா உள்ளகங்களையும் பயன்படுத்தச் சொன்னபோது நெஸ்ட் தெளிவாக முந்தியது. அது வியப்பன்று. 2013-இல் ஜப்பானின் கே கணினியில் 82,944 செயலிகளைக் கொண்டு 173 கோடி நியூரான்களும் 10.4 லட்சம் கோடி சினாப்ஸ்களும் உள்ள வலையமைப்பை ஓட்டியது நெஸ்ட்டில்தான்; மூளையின் ஒரு விநாடிக்கு அங்கே 40 நிமிடம் பிடித்தது. பல கணினிகளுக்கு வேலையைப் பகிர்ந்தளிக்கும் வசதி நெஸ்ட்டின் அடித்தளத்திலேயே இருக்கிறது. பிரையனில் அது இல்லை. பல கணினிகள் இணைந்த தொகுதியில் நெஸ்ட்டை நான் ஓட்டியதில்லை, ஆகவே அந்த அளவில் அதை நான் புகழ்வது பிறருடைய வேலையைப் படித்து அறிந்ததன் அடிப்படையில் மட்டுமே.

இனி எங்கள் தீர்ப்பை முடிவு செய்த ஒரே காரணத்துக்கு வருகிறேன். எங்கள் ஆய்வகத்தில் எந்த மாணவரும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருப்பதில்லை. ஒருவர் எழுதி வைத்த மாதிரியை அடுத்தவர் எடுத்து, புரிந்துகொண்டு, ஒரு படி முன்னே கொண்டுபோக வேண்டும். பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் நடத்திய கடைகளுக்கு மேலாள் மூன்றாண்டுக் கணக்குக்குப் போவது வழக்கம். கணக்கு முடிந்து அவர் கப்பலேறிவிட்டால், அடுத்து வரும் மேலாளுக்குக் கடையின் நிலையைச் சொல்ல வேண்டியது பேரேடுதான். எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்க வழியில்லை. எங்கள் மாணவர்களும் படிப்பு முடித்து சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விடுகிறார்கள். ஆகவே அடுத்து வருபவர் கேட்காமலே வாசித்தறியக்கூடிய கோப்பு எது என்பதே எனக்குக் கேள்வியாக இருந்தது.

பிரையனில் நியூரானின் சமன்பாடு நிரலுக்குள்ளேயே, பாடப்புத்தகத்தில் உள்ளபடி, எழுத்தாக நிற்கிறது. சவ்வு மின்னழுத்தம் மாறும் வேகம், அந்த மின்னழுத்தத்தைக் கால மாறிலியால் (அது எவ்வளவு விரைவாகத் தணியும் என்பதைக் குறிக்கும் எண்) வகுத்து வரும் எதிர்மதிப்பு என்று ஒரு வரி. 20 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் துடிப்பு என்று ஒரு வரி. துடித்த பின் 10 மில்லிவோல்ட்டுக்குத் திரும்பு என்று ஒரு வரி. இதையே சி++ ஆக மாற்றித் தொகுத்து ஓட்டும் வேலையைப் பிரையன் பின்னணியில் பார்த்துக்கொள்கிறது. முதல் ஆண்டு மாணவி ஒருவர், துடிக்குந்தோறும் வாசல் மின்னழுத்தம் (தாண்டினால் துடிப்பு பிறக்கும் எல்லை) சற்று உயர்ந்து பிறகு மெல்லத் தணியும்படி மாதிரியை மாற்ற விரும்பினார். சமன்பாட்டில் ஒரு வரியைச் சேர்த்தார், துடிப்புக்குப் பிந்தைய வரியை நீட்டினார், அவ்வளவில் முடிந்தது. அவர் போன பிறகு அந்தக் கோப்பைத் திறந்த அடுத்த மாணவர், என்ன மாறியிருக்கிறது என்பதை என்னிடம் கேட்காமல் தானே எனக்கு விளக்கினார். நான் பிரையன் பக்கம் சாய்ந்தது அன்றுதான்.

மில்லிவிநாடி, மில்லிவோல்ட் போன்ற அளவைகளைப் (அலகுகளைப்) பற்றியும் சொல்ல வேண்டும். பழைய சி++ நிரலில் கால மாறிலி வெறும் 20 என்று எழுதப்பட்டிருந்தது. எழுதியவர் மனத்தில் அது மில்லிவிநாடி. பின்னால் வந்தவர் காலப்படியை (கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேரத்துணுக்கை) விநாடியில் எழுதிவிட்டார். நிரல் எந்தப் பிழையும் காட்டாமல் ஓடி, தவறான விடையை அழகான வரைபடமாகக் கொடுத்தது. மூன்று வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். பிரையனில் 20 மில்லிவிநாடி என்று அளவையோடுதான் எழுத வேண்டும்; மின்னழுத்தத்தோடு மின்னோட்டத்தைக் கூட்டினால் ஓடவே மறுத்துவிடும். நெஸ்ட்டில் மில்லிவிநாடி, மில்லிவோல்ட், பிக்கோஃபாரட், பிக்கோஆம்பியர் என்று ஒவ்வொரு அளவுக்கும் ஓர் அளவை நிலையாக வகுக்கப்பட்டிருக்கிறது. அது ஒழுங்கான முறைதான், ஆனால் நாம் தரும் எண் அந்த அளவையில் இருக்கிறதா என்பதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நெஸ்ட்டின் தரப்பிலும் நியாயம் உண்டு. அதில் நியூரான் மாதிரிகள் பெயரோடு ஆயத்தமாக இருக்கின்றன. பலர் பல ஆண்டுகள் சோதித்தவை. மின்னழுத்தம் தானே மெல்லத் தணியும் வழக்கமான ‘கசியும் நியூரான்’ மாதிரியோடு நிற்பவர்களுக்குப் பெயரைச் சொல்லி அழைப்பதே போதும், கோப்பும் சிறியதாக இருக்கும். புதிய மாதிரி வேண்டுமென்றால் நெஸ்ட்எம்எல் என்ற மொழியில் சமன்பாட்டை எழுதித் தனிக்கூறாகத் தொகுத்துக்கொள்ளலாம். அதில் அளவைகளையும் எழுதலாம். ஆனால் அப்போது பராமரிக்க வேண்டியவை, மாதிரியின் கோப்பும் அதை ஓட்டும் பைத்தான் கோப்புமாக, இரண்டாகிவிடுகின்றன. பதிப்பு மாற்றத்தில் நெஸ்ட், பிரையன் இரண்டுமே பழைய கோப்புகளைத் தடுமாற வைத்தவைதான். 2021-இல் வந்த நெஸ்ட் 3-இல் ‘ஸ்பைக் டிடெக்டர்’ என்ற கருவி ‘ஸ்பைக் ரெக்கார்டர்’ ஆகியது, நியூரான்களை எண்பட்டியலாகக் கையாளும் முறையும் மாறியது. பிரையன் 1-இல் எழுதியவற்றைப் பிரையன் 2-க்காகத் திருத்தியே ஆக வேண்டியிருந்தது. இருந்தும், சமன்பாடு எழுத்தாக இருக்கும் கோப்பைத் திருத்துவது எளிது என்பதே என் துணிபு.

பிரையனின் எல்லை நினைவகத்தில் வருகிறது. ஒவ்வொரு சினாப்ஸுக்கும் அனுப்பும் நியூரானின் எண்ணுக்கு 4 பைட், பெறும் நியூரானின் எண்ணுக்கு 4 பைட். இணைப்பின் வலிமையான எடையும், துடிப்பு போய்ச்சேர எடுக்கும் தாமதமும் சினாப்ஸுக்குச் சினாப்ஸ் வேறுபட்டால், எடைக்கு 8 பைட், தாமதத்துக்கு 8 பைட் கூடும். புருனெல் வலையமைப்பில் எடைகள் இரண்டே வகை, தாமதம் ஒன்றே என்பதால் எண்களுக்கு மட்டும் சுமார் 125 எம்பி போதும். ஆனால் போட்யான்ஸும் டீஸ்மனும் 2014-இல் வெளியிட்ட மாதிரி, மூளைப் புறணியின் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புக்கு அடியில் உள்ளதைக் குறிப்பது. அதில் ஏறத்தாழ 77,000 நியூரான்கள், 30 கோடி சினாப்ஸ்கள். அங்கே எடையும் தாமதமும் வேறுபடுவதால், ஒரு சினாப்ஸுக்கு 24 பைட் என்றால் 7.2 ஜிபி. இணைப்புகளை உருவாக்கும்போது தற்காலிகமாகப் பிடிக்கும் இடத்தையும் சேர்த்தால் 16 ஜிபி கணினி திணறத் தொடங்கிவிடும்.

ஆகவே லட்சத்தை நெருங்கும் நியூரான்களுக்கோ பல கணினிகளுக்கோ போக வேண்டியவர்கள் நெஸ்ட்டிலேயே தொடங்குவது நல்லது. அவர்கள் ஒன்றை மட்டும் குறித்துவைக்க வேண்டும்: வேலையைப் பகிர்ந்துகொள்ளும் இழைகளையும் (த்ரெட்) செயல்முறைகளையும் (பிராசஸ்) பெருக்கி வரும் மொத்த எண்ணிக்கையைக் கோப்பிலேயே எழுதிவிட வேண்டும். அதே மொத்தமும் அதே தொடக்க விதை எண்ணும் இருந்தால் நெஸ்ட் அதே விடையைத் தரும். மொத்தம் மாறினால், விதை எண்ணிலிருந்து பிறக்கும் சமவாய்ப்பு எண்களின் வரிசையும் மாறிவிடும். எங்கள் ஆய்வகத்தில் இந்த ஆண்டு ஒரு மாணவர் போட்யான்ஸ் மாதிரியை நெஸ்ட்டில் ஓட்டுகிறார். அதன் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள சிறு வடிவத்தைப் பிரையனில் எழுதி, துடிப்பு வீதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே பெரியதை ஓட்ட அனுமதித்திருக்கிறேன்.