சென்னை – யாழ்ப்பாணம் விமானச் சேவை: தூரம் குறைவு, காத்திருப்பு அதிகம்

சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையத்திற்கும் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திற்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர்தான். மதுரைக்குப் பறப்பதைவிட இது குறைவு. இத்தடத்தில் பறக்கும் ஏடிஆர் 72 என்ற சிறிய விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில் பறந்தாலும், ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்து பயண நேரம் ஒன்றேகால் மணியை ஒட்டி வந்துவிடுகிறது.

இறக்கை மேற்புறம் பொருத்தப்பட்டிருப்பதால் கீழே பார்க்கத் தடை அதிகமில்லை. போகும்போது வலப்பக்க இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் சோழமண்டலக் கரையும், ஆற்று நீர் கலக்குமிடத்தில் கடல் மண்நிறமாக மாறுவதும் தெரியும்.

குறை என்னவென்றால், வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாகவே செல்ல வேண்டியிருக்க, பயணிகளைப் பதிவு செய்யும் இடத்தில் வரிசை மிக மெதுவாக நகர்ந்தது. முதியவர்கள் நின்றே களைத்துப்போனது வருத்தமளித்தது.

ஆனாலும், பலாலி 2019 அக்டோபரில் பன்னாட்டு நிலையமாகத் திறக்கப்படும்வரை, கொழும்பில் இறங்கி மேலும் பல மணி நேரம் தரைவழியே வடக்கு நோக்கித் திரும்பி வந்த குடும்பங்களுக்கு இச்சேவை பெரும் நிம்மதி. பெட்டிகளின் எடை வரம்பை மட்டும் பயணச்சீட்டு எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.