பிக்கப்புக்கு ஸ்டெப்னி தாங்கும் பின் பம்பர்: பணகுடிக் காற்றில் பதினான்கு மாதம்

பணகுடி, பழவூர், இராதாபுரம் வட்டாரத்துக் காற்றாலைகளில் பராமரிப்பு ஒப்பந்த வேலை பார்ப்பவன் நான். கியர் ஆயில் டப்பா, கயிறு, செயின் பிளாக், கருவிப்பெட்டி எல்லாம் என்னுடைய இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸில்தான் போகும். தார்ச்சாலையை விட்டு இறங்கினால் உடைமுள், செம்மண், கடலோரத்தில் தேரி மணல் என்று மூன்றும் மாறி மாறி வரும் தடங்களில் மாதம் ஒரு பஞ்சராவது நிச்சயம். சென்ற ஆண்டு சித்திரையில் கூத்தங்குழிப் பக்கம் அப்படி ஒரு பஞ்சர் ஆனபோது, வண்டியின் அடியில் ஸ்டெப்னியைத் தொங்கவிட்டிருக்கும் சங்கிலிச் சுருள் உப்புக் காற்றில் துருவேறி இறுகிவிட்டது. கம்பியைச் செருகித் திருகினால் ஸ்டெப்னி ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. மணலில் மல்லாந்து படுத்து, ரம்பத்தால் சங்கிலியை அறுத்துத்தான் டயரை வெளியே எடுத்தோம். ஸ்டெப்னியை அடியிலிருந்து எடுத்துப் பின்புறம் நிறுத்த வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அதற்காக எல்லோருக்கும் இந்த மாற்றம் தேவை என்று நான் சொல்லமாட்டேன். கம்பெனி அளவு டயரையே வைத்துக்கொண்டு, நான்குவழிச்சாலையில் வள்ளியூருக்கும் நெல்லைக்கும் போய்வருபவர்கள் சங்கிலிச் சுருளை ஆண்டுக்கு இரண்டு முறை இறக்கிக் கழுவிக் கிரீஸ் போட்டால் போதும். செலவு நூறு ரூபாய்க்குள் முடியும். பெரிய டயருக்கு மாறி அது அடியில் நுழையாதவர்களும், ஸ்டெப்னியைப் பெட்டிக்குள் போட்டால் சரக்குக்கு இடமில்லாதவர்களும், என்னைப் போல் அடிக்கடி பஞ்சர் ஆகிறவர்களும்தான் மேற்கொண்டு யோசிக்க வேண்டும்.

என் முன் மூன்று வழிகள் இருந்தன. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பம்பர், கோயம்புத்தூரில் தயாராகிப் பெட்டியில் கட்டி வரும் பம்பர், நெல்லை பேட்டைப் பக்கத்துப் பட்டறையில் அளவெடுத்துச் செய்துகொள்வது. மூன்றிலும் அமைப்பு ஒன்றுதான்: பம்பரின் ஒரு மூலையில் கீல், அதில் கதவு போலத் திறக்கும் ஓர் இரும்புக் கை, அந்தக் கையில் ஸ்டெப்னி. முதலாவதற்குச் சொன்ன விலை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. இரண்டாவது பார்வைக்கு மிக அழகாக இருந்தது, தகடு 5 மி.மீ. என்று பெருமையாகச் சொன்னார்கள். ஆனால் டயரைத் தாங்கும் கை சாதாரணக் கதவுக் கீல் போன்ற புஷ்ஷில்தான் (பேரிங் இல்லாத வெறும் குழல்) திரும்பியது. கடையில் டயர் இல்லாமலே கையின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தபோது ஒரு விரல் கனத்துக்கு ஆடியது. அதன் படத்தைப் பேட்டைப் பட்டறைக்காரரிடம் காட்டியபோது அவர் சொன்னதே இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல பாடம்: "தகட்டுக் கனத்தைப் பாக்காதிய அண்ணாச்சி, கீலு எதுல நிக்குன்னு பாருங்க."

அவர் சொன்னதன் பொருள் இதுதான். என் ஸ்டெப்னி 255/60 ஆர்18 அளவு. அலாய் வீலுடன் தராசில் வைத்தால் 30 கிலோ. அதைத் தாங்கும் கை இன்னொரு 15 கிலோ. இந்த 45 கிலோவின் மையம் கீலிலிருந்து ஏறக்குறைய முக்கால் மீட்டர் தள்ளி நிற்கிறது. சமதரையில் இது ஒன்றுமே இல்லை. குழியில் பின்சக்கரம் விழுந்து எழும் நொடியில் அதே 45 கிலோ பல மடங்காகிக் கீலைக் கீழ்நோக்கி முறுக்குகிறது, நாளைக்கு நூறு முறை முறுக்குகிறது. புஷ் ஒரு பக்கமாகத் தேய்ந்து நீள்வட்டமாகும், கை தொங்கும், கொண்டி பொருந்தாமல் போகும். ஆகவே டிரெய்லர் சக்கரத்தில் இருப்பது போன்ற தடித்த நடுத்தண்டும், அதன் மேலும் கீழும் போதிய இடைவெளியில் இரண்டு கூம்பு ரோலர் பேரிங்குகளும், மேலே தண்ணீர் புகாத மூடியும், கிரீஸ் அடிக்க ஒரு நிப்பிளும் இருக்க வேண்டும். பேட்டையில் எனக்குச் செய்தது இப்படித்தான். பதினான்கு மாதம் கழித்தும் கையின் நுனியில் ஆட்டம் இல்லை. பேரிங் தளர்ந்தால் மேல் நட்டை இறுக்கிக்கொள்ளலாம். தேய்ந்தால் எந்த ஊர் உதிரிபாகக் கடையிலும் மாற்றுப் பேரிங் கிடைக்கும்.

கீல் எவ்வளவு நல்லதாயினும், ஓடும்போது முழு எடையையும் அதுவே சுமக்கக் கூடாது. கை மூடும் இடத்தில் பம்பரின் மேல் ஒரு சாய்வான முட்டு இருந்து, கை அதன்மேல் ஏறி உட்கார வேண்டும். அப்போதுதான் எடை இரண்டு முனைகளுக்கும் பிரியும். வாங்கப் போகிறவர்கள் கையை மெதுவாக மூடிப் பார்த்து, கடைசி ஓர் அங்குலத்தில் அது சற்றே மேலே ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். ஏறாமல் நேராக வந்து முட்டினால் அந்தப் பம்பர் ஆறு மாதத்தில் கடகடக்கும்.

இனிக் கொண்டி. நுனிக் கொக்கியின் நீளத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கக்கூடிய, மையத்தைத் தாண்டி மடங்கி இறுகும் நெம்புகோல் கொண்டியைத் தேர்ந்தெடுத்தேன். அதோடு, நெம்புகோல் தானாக எழாமல் தடுக்க ஒரு குறுக்கு ஊசியும் கேட்டு வாங்கினேன். நான் முதலில் நினைத்தே பார்க்காதது மூடும் கொண்டி அல்ல, திறந்த நிலையில் பிடித்து வைக்கும் பூட்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வரும் காற்று எங்கள் பக்கத்தில் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைகள் இங்கே நிற்பதே அதனால்தான். அகலமான டயர் மாட்டிய கை அந்தக் காற்றுக்கு ஒரு பாய்மரம். முதல் மாதத்தில் கேஸ் ஸ்டிரட் எனும் வாயு அடைத்த தாங்குதண்டு மட்டுமே கையைத் திறந்து வைத்திருந்தது. பழவூர்ப் பக்கம் ஒரு மேட்டில் நிறுத்தி ஆயில் டப்பாவை இறக்கிக்கொண்டிருந்தபோது காற்று அதை வீசி மூடியது. உடன் வேலை செய்யும் தம்பியின் முழங்கையில் அடி விழுந்தது. எலும்பு தப்பியது. மறுநாளே பட்டறைக்குப் போய், கை முழுதாகத் திறந்ததும் தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும் ஸ்பிரிங் ஊசியை வைத்துக்கொண்டேன். இந்த ஊசி இல்லாத ஸ்டெப்னிக் கையை எங்கள் வட்டாரத்தில் யாரும் வாங்கக் கூடாது.

கீல் எந்தப் பக்கம் என்பதையும் முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். நம் சாலையில் வண்டியை இடது ஓரத்தில்தான் நிறுத்துகிறோம். கீல் வலதுபுறம் இருந்தால், ஆள் ஓரத்திலிருந்து தடையின்றி வந்து சரக்கை இறக்கலாம். இடதுபுறம் இருந்தால், திறந்த கை வழியை மறித்து ஆளைச் சாலைப் பக்கம் தள்ளிவிடும். என்னுடையது வலதுபுறக் கீல். செங்கோணத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் திறந்து நிற்கும். பின்கதவு கீழே இறங்கும்போது அதில் இடிக்காத அளவுக்கு மட்டும் அந்தக் கூடுதல் போதும்.

பம்பரைச் சேஸிஸில் ஒருபோதும் வெல்டிங் வைக்கக் கூடாது. கம்பெனியே விட்டிருக்கும் துளைகளில், 10.9 என்ற வலிமைக் குறி தலையில் உள்ள போல்ட்டுகளால் மாட்ட வேண்டும். மணலில் சிக்கிய வண்டியை இழுப்பதற்கான ஷேக்கிள் (இரும்பு வளையம்) மாட்டும் காதுகள் பம்பரின் முகத்தகட்டில் ஒட்ட வைத்தவையாக இல்லாமல், தகட்டை ஊடுருவிப் பின்னே சேஸிஸ் தாங்கியோடு ஒரே துண்டாகச் சேர வேண்டும். நவ்வலடித் தேரியில் இரண்டு முறை அந்தக் காதில் பட்டை மாட்டி இழுக்கப்பட்டிருக்கிறேன், தகட்டில் ஒரு சுருக்கமும் இல்லை. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு கட்டி இழுப்பதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அது இழுவைக்கானதே அன்றி மீட்புக்கானது அன்று. அந்த உருண்டை முறிந்தால் குண்டாகப் பறந்து ஆளைக் கொல்லும்.

எடையைப் பற்றி விற்பவர்கள் பேசுவதில்லை. இந்த வண்டியின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம், 3,095 மி.மீ. பின் அச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் 100 கிலோவை வைத்தால், தராசுக் கணக்கின்படி முன் அச்சில் ஏறக்குறைய 39 கிலோ குறைந்து, பின் அச்சில் 139 கிலோ கூடும். என் பம்பரும் கையும் டயருமாகச் சேர்ந்து, கழற்றிய பழைய பம்பரைக் கழித்த பிறகும், 100 கிலோவை ஒட்டி வருகின்றன. ஸ்டெப்னி முன்பே அடியில் இருந்ததால் உண்மையான மாற்றம் இந்தக் கணக்கைவிடக் குறைவு. ஆனாலும் சாரல் மழையில் வெறும் வண்டியாக வரும்போது ஸ்டியரிங் முன்பைவிட இலேசாக இருப்பதை உணர்கிறேன். சரக்கு ஏற்றும் அளவிலும் அந்த எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஆதலால் தகட்டைக் கனமாக்கச் சொல்லாதீர்கள். முகத்துக்கு 3 மி.மீ., தாங்கிகளுக்கு 6 மி.மீ. என்று பட்டறைக்காரர் வைத்த கணக்கு எனக்குச் சரியாகவே இருக்கிறது.

இடிந்தகரை, உவரி, கூட்டப்புளி என்று கடலோரம் சுற்றும் வண்டிக்குப் பவுடர் கோட்டிங் மட்டும் போதாது. கல் பட்டு ஓரிடத்தில் பெயர்ந்ததும் துரு அடியிலேயே ஊர்ந்து, மேலே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தின்றுவிடும். நான் பேரிங் மாட்டுவதற்கு முன்பே முழுதையும் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் கால்வனைசிங்குக்கு அனுப்பி, பிறகு பெயின்ட் அடித்தேன். மூடிய குழாய்களை அப்படியே முக்கினால் உள்ளே அடைபட்ட ஈரம் ஆவியாகி வெடிக்கும் என்பதால் அவற்றில் துளை போட்டே ஆக வேண்டும். அந்தத் துளைகளே பின்னர் மழைநீர் வடியவும் உதவுகின்றன. இதற்கு மட்டும் 9,000 ரூபாய் ஆயிற்று. மொத்தச் செலவு 58,000. அதில் நான் மனமாரக் கொடுத்த பணம் இந்த ஒன்பதாயிரம்தான்.

சட்டத்தை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்கு விதிக்கப்படலாம். 2017 டிசம்பரில் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் வண்டியின் முன்னே மாட்டும் கிராஷ் கார்டு எனும் இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பின் பம்பருக்கு அது பொருந்தாது என்று விற்பவர் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் வரைபடத்துடன் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகே நான் முன்பணம் கொடுத்தேன். டயர் பின்விளக்கையோ எண் தகட்டையோ ஒரு விரல் அளவுகூட மறைக்கக் கூடாது. எண் தகட்டைக் கையின் நடுவுக்கு மாற்றும்போது அதன் விளக்கும் கூடவே போக வேண்டும்.

குறைகளும் உண்டு. எண் தகட்டு விளக்கின் ஒயர் கீலருகே மடங்கி மடங்கி நான்காம் மாதம் அறுந்தது. இப்போது சுருளாக விட்டிருக்கிறோம். முட்டின்மேல் வைத்த ரப்பர் மூன்றே மாதத்தில் நசுங்கியதால் லேத்தில் நைலான் துண்டு கடைந்து மாற்றினோம். பின் கேமராவில் பாதித் திரையை டயர் மறைக்கிறது. கேமராவைக் கைக்கு மாற்றும் வேலை இன்னும் பாக்கி. வண்டியின் நீளம் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடியிருப்பதால், வண்ணாரப்பேட்டையில் நெருக்கமாக நிறுத்தும்போது இரண்டு முறை முன்பின் எடுக்க வேண்டியிருக்கிறது. பின்கதவைத் திறக்க ஒரு வேலை இரண்டாகிவிட்டது என்று என் ஆட்கள் முதலில் சலித்துக்கொண்டார்கள். ஆனால் போன வாரம் இராதாபுரம் தடத்தில் மீண்டும் முள் ஏறியபோது, யாரும் தரையில் படுக்காமல், நின்றபடியே ஸ்டெப்னியைக் கழற்றி, பதினைந்து நிமிடத்தில் கிளம்பிவிட்டோம்.