மைக்கேல் ஜாக்சன் பெட்டியோடு 17 வருஷம்

2008-ல் சித்தப்பா மகன் சென்னையிலிருந்து வாங்கி வந்து கொடுத்தான். 'தி அல்டிமேட் கலெக்‌ஷன்', 2004-ல் வந்த பெட்டி. நாலு சிடி, ஒரு டிவிடி. ஜாக்சன் சின்னப் பையனாக அண்ணன்மாரோடு பாடிய 1969-லிருந்து மொத்தம் 57 பாட்டு. அதில் அதுவரை வெளியே வராதவை 13.

பிரித்த அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. முக்கால்வாசிப் பாட்டு என்னிடம் ஏற்கெனவே கேசட்டாகவும் சிடியாகவும் கிடந்தது. ஒரே பாட்டுக்கு மூணாவது தடவை காசு! அந்தப் பதின்மூன்றை மட்டும் ஒரு சிடியில் போட்டு விற்றிருக்கலாம். இந்தக் குறை எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் இத்தனை வருஷத்தில் பெட்டியைத் திறந்ததெல்லாம் அந்தப் பதின்மூன்றுக்காகத்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஹிட் பாட்டை டீக்கடையில்கூடக் கேட்டுக்கொள்ளலாம்.

அதிகம் தேய்ந்தது 'டேஞ்சரஸ்' பாட்டின் முதல் வடிவம். 1990-ல் பதிவானது. பாடுகிற அறையில் நிறுத்தியிருந்த தடுப்பு சரிந்து ஜாக்சன் மேலேயே விழுந்திருக்கிறது. டேப் ஓடிக்கொண்டிருந்ததால் அந்தத் தடாலும் பதிவாகிவிட்டது. பெட்டியில் போடும்போது அதை வெட்டவில்லை. காட்பாடி காந்தி நகரில் வாடகை வீட்டில் இருந்தபோது ஒரு ராத்திரி இதை முதன்முதலாகச் சத்தமாக வைத்தேன். அடுப்படியிலிருந்து என் மனைவி ஓடி வந்தாள். "இன்னாங்க, இன்னா உயுந்துச்சு?" பாட்டு என்றேன். ஒரு நிமிஷம் நின்று கேட்டாள். "பாட்டே இன்னும் ஆரம்பிக்கல, அதுக்குள்ள ஊட்ட இடிக்கிறாரா?" என்று உள்ளே போய்விட்டாள்.

இந்தப் பாட்டு தன்னுடையது என்று ஒரு பாடகி வழக்குப் போட்டார். 1994-ல் டென்வர் நகரத்துக் கோர்ட்டில் ஜாக்சன் சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து, தான் எப்படி மெட்டுப் போடுவேன் என்பதை வாத்தியம் எதுவும் இல்லாமல் பாடியே காட்டினார். ஜெயித்தும் விட்டார். அவர் கையில் வாத்தியம் வைத்துக்கொண்டு இசையமைக்கிறவர் இல்லை. பேஸ், டிரம்ஸ், தந்தி வாத்தியம் என எல்லாவற்றையும் வாயாலேயே டேப்பில் பாடி வைத்து, வாசிக்கிறவர்களிடம் கொடுப்பார். இதைத் தெரிந்துகொண்டு டெமோவை, அதாவது இந்த மாதிரி முதல் பதிவை, கேட்டால் காதுக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. சமையல் முடிந்த பிறகு சாப்பிடப் போவதற்கும், தாளிக்கும்போதே பக்கத்தில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம்.

'பி.ஒய்.டி.' ('பிரெட்டி யங் திங்') இன்னொரு விதம். 'த்ரில்லர்' ஆல்பத்தில் நாம் கேட்டது துள்ளல் பாட்டு, ஜேம்ஸ் இங்ரமும் குவின்ஸி ஜோன்ஸும் எழுதியது. பெட்டியில் இருப்பது ஜாக்சனும் கீபோர்டு வாசிக்கிற கிரெக் ஃபிலிங்கேன்ஸும் போட்ட மெட்டு. நிதானமானது, கொஞ்சம் சோம்பலானதும்கூட. ஆல்பத்தைத் தயாரித்த குவின்ஸி தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போட்டுவிட்டார். முதல் இரண்டு வருஷம் அவர் செய்தது சரி என்றுதான் நினைத்தேன். மே மாத மத்தியானம், ஃபேன் காற்றே சுடுகிற வேலூர் வெயிலில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்துக் கேட்ட பிறகு மனசு மாறிவிட்டது. துள்ளலுக்கு உடம்பில் தெம்பு இருக்கணும். இதற்கு வேண்டாம்.

'வி ஆர் தி வேர்ல்ட்' பாட்டையும் அவர் தனியாகவே பாடியிருக்கிறார். ஆப்பிரிக்கப் பஞ்ச நிவாரணத்துக்காக 1985 ஜனவரி 28 ராத்திரி அத்தனை நட்சத்திரங்கள் கூடிப் பாடியது எனக்குக் கல்யாண மண்டபச் சத்தம். இதில் மண்டபம் காலி, ஒரே ஆள்.

எல்லாமே மாணிக்கம் என்று சொல்ல மாட்டேன். நாலைந்து பாட்டை அவர் ஏன் ஒதுக்கி வைத்தார் என்று முதல் நிமிஷத்திலேயே புரிந்துவிடும். என் அம்மா ஒன்றைக் கேட்டுவிட்டு, "இன்னாடா இது, பாட்டு கத்துக்கறவன் பாடறாப்புல கீது" என்றார். தப்பில்லை.

'ஸ்கேர்ட் ஆஃப் தி மூன்' மட்டும் எங்கள் வீட்டுப் பாட்டாகிவிட்டது. நிலாவைப் பார்த்துப் பயப்படுகிற குழந்தையைப் பற்றிய தாலாட்டு மாதிரியான பாட்டு. கரண்ட் கட் அடிக்கடி இருந்த வருஷங்களில் மொட்டை மாடியில் பாய் விரித்து, போனில் இதை வைத்துக்கொண்டு மகளைத் தூங்க வைப்பேன். நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டிய பிள்ளைக்கு, நிலாவுக்குப் பயப்படும் பிள்ளையின் பாட்டு! அர்த்தம் புரிகிற வயசு வந்ததும், "நிலாவுக்கு எதுக்குப்பா பயப்படணும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

பெட்டியின் நிலைமை: அட்டை முதுகில் பசை விட்டுவிட்டது, செல்லோடேப் போட்டிருக்கிறேன். சிடி நாலும் நன்றாகவே ஓடுகின்றன. டிவிடியில் 1992 அக்டோபர் 1 புகாரெஸ்ட் கச்சேரி, இரண்டு தடவைதான் பார்த்தேன்.

பென் டிரைவில் ஏற்றிக் காரிலும் வைத்திருக்கிறேன். போன மாசம் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தேன். பின்னால் தடாலென்று சத்தம். கதவைத் திறந்து இறங்கிப் பின் பம்பரைத் தடவிப் பார்த்தேன். பக்கத்து ஆட்டோக்காரர் என்னையே பார்த்தார். உள்ளே ஜாக்சன் பாட ஆரம்பித்திருந்தார்.